கூடப் பிறந்தது

ஆண் பிள்ளை பிறந்தால் தலைகால் புரியாமல் ஆடுகிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த மாட்டுப் பண்ணையில் எல்லாம் தலைகீழ். காளைக்கன்று விழுந்தது என்று தெரிந்தால் போதும், முதலாளியம்மாவில் தொடங்கிச் சாணி அள்ளுகிறவர் வரை எல்லோருக்கும் முகம் தொங்கிப்போகும். “ஒன்பது மாசம் தின்ன தீவனத்துக்கு இதைத்தான் போட்டியா?” என்று பசுவைப் பார்த்துக் கேட்பார்கள். பசு என்ன பதில் சொல்லும்? அது பாட்டுக்குக் கன்றை நக்கிக்கொண்டிருக்கும்.

நக்குவதும் ஒரு நாளைக்குத்தான். மறுநாள் காலையில் வாசலில் வண்டி வந்து நிற்கும். பின்பக்கம் கம்பி அடித்த சின்ன வண்டி. ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட அறுப்புக் கொட்டகைக்குப் போவது. காளையை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வது? கறக்க முடியாது. உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று. பசுவைச் சினைப்படுத்தவும் காளை வேண்டாம், ஒருவர் பையில் ஊசியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். சும்மா நிறுத்தி வைத்தால் விற்கிற பாலை அது குடித்துவிடும். பால் எல்லோருக்கும் வேண்டும், பால் வேண்டுமானால் கன்று பிறக்க வேண்டும், பிறப்பதில் பாதி காளையாகத்தான் இருக்கும். அந்தப் பாதி எங்கே போகிறது என்று பால் வாங்குகிற மகராசர்களில் ஒருவராவது கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். காப்பி ஆறிவிடும்.

அந்தப் பாதியை வண்டியில் ஏற்றுவது கன்றுக்காரியின் வேலை. பெட்டைக் கன்றுகளுக்குப் புட்டியில் பால் கொடுப்பது, கொட்டிலைக் கழுவுவது, காளைகளை வாசல் வரை கொண்டுபோய் விடுவது என்று எல்லாம் அவள் தலையில்தான். கயிறு போட்டு இழுத்தால் கன்று படுத்துக்கொள்ளும். அடித்தால் கத்தும். அந்தக் கத்தல் தாயின் காதில் விழுந்தால் அன்றைக்கு அது பாலை இறக்காமல் அடக்கிக்கொள்ளும், முதலாளியம்மா கத்துவாள். அதனால் கன்றுக்காரி ஒரு வழி வைத்திருந்தாள். இரண்டு விரலைக் கன்றின் வாயில் கொடுப்பாள். காம்பு என்று நினைத்து அது சப்பிக்கொண்டே பின்னால் வரும். சாய்வுப் பலகையில் தானே ஏறும். ஏறினதும் விரலை உருவிக்கொண்டு கம்பிக் கதவைச் சாத்துவாள். சத்தமே இருக்காது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு விரலையும் தனியாகச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். வீடு என்றால் பண்ணைச் சுவரை ஒட்டின ஒற்றை அறை, பின்னால் ஒரு சாய்ப்பு. குழாயடியில் அவள் தேய்க்கிற தேய்ப்பைப் பார்த்து அவள் புருஷன் கிண்டல் செய்வான்.

“விரல் தேஞ்சு போயிடப் போகுது.”

“தேயட்டும். தேஞ்சாலாவது இந்த வேலைக்கு வேற ஆளப் பார்ப்பாங்க.” கையை உதறிவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். “என்னங்க, ஒரு மாடு. ஒண்ணே ஒண்ணு சொந்தமா இருந்தா போதும். பால ஊத்திப் பொழச்சுக்கலாம். அது காளைக்கன்னு போட்டாக்கூட நானே வெச்சுப்பேன்.”

“காளைக்குத் தீனி?”

“நான் திங்கறதக் கொறச்சுக்கறேன். உங்களையா கேட்டேன்?”

புருஷனுக்குப் பண்ணையில் மிஷின்காரன் என்று பெயர். கறவை மிஷினின் நான்கு குவளைகளையும் மடியில் மாட்டுவான், பால் நின்றதும் எடுத்துக் கழுவுவான், அடுத்த மாட்டுக்கு நகர்வான். கறவைக் கூடத்தைத் தாண்டி எட்டிப் பார்த்ததில்லை. மாடு என்றால் அவனுக்கு மடி. அதற்கு முன்னால் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். நல்லவன்தான், பொண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒருநாள் சினைமாடு ஒன்று கன்று போட முடியாமல் திணறி, ஊசிக்காரரே கையை விரித்தபோது, கன்றுக்காரி முழங்கை வரை கையை விட்டுத் திரும்பிக் கிடந்த கன்றை இழுத்துப் போட்டாள். தாயும் பிழைத்தது. முதலாளியம்மா அப்படி லேசில் குளிர்ந்துபோகிற ஆள் இல்லை, ஆனால் அன்றைக்குக் குளிர்ந்துவிட்டாள். எல்லோரும் நிற்கும்போதே சொன்னாள்:

“நெத்திவெள்ளை சினையா இருக்கா பாரு, அவ முதல்ல எதக் கீழ போடறாளோ அது உனக்கு. பெட்டையா இருந்தா உன் அதிர்ஷ்டம். காளையா இருந்தா வழக்கம்போல வண்டிக்கு. அப்புறம் இன்னொண்ணு குடு, அடுத்தது குடுன்னு வந்து நிக்கக் கூடாது. சொன்னா சொன்னதுதான்.”

சொன்னா சொன்னதுதான். முதலாளியம்மா வார்த்தையைத் துணி அளக்கிறவர் போல அளந்து வெட்டுவாள், ஒரு விரற்கடை கூடக் கொடுக்க மாட்டாள். அது எல்லோருக்கும் தெரியும். மிஷின்காரனுக்கும் தெரியும்.

நெற்றியில் வெள்ளை விழுந்த அந்தப் பசுவின் வயிறு நாளுக்கு நாள் பெருத்தது. கன்றுக்காரி அதைத் தடவித் தடவிப் பார்ப்பாள். கடைசியில் அது கன்று போட்ட அன்றைக்கு அவள் ஊரில் இல்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வந்து, போட்டது போட்டபடி கிளம்பிப் போய்விட்டாள். போகிறபோது புருஷனைப் பிடித்து ஆயிரம் தடவை சொன்னாள்: “பக்கத்துலயே இருங்க. வேற யாரையும் நம்ப மாட்டேன்.”

அவன் இருந்தான். விடிகிற நேரம், கறவை முடிந்து ஆட்கள் டீக்கு ஒதுங்கிவிட்டார்கள். பனிக்குடம் உடைந்து, கால் தெரிந்து, வழுக்கிக்கொண்டு கன்று வந்து வைக்கோலில் விழுந்தது. ஓடிப்போய்ப் பின்னங்காலை விலக்கிப் பார்த்தான். காளை.

“அடப் பாவி” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் திரும்பி வந்து வாசலில் நிற்கிற முகத்தை நினைத்துப் பார்த்தான், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் நெற்றிவெள்ளை மறுபடி முக்கியது. இன்னொரு ஜோடிக் கால் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் வந்து விழுந்தது. சின்னது, மெலிசு, ஆனால் பெட்டை.

முதலில் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு முதலாளியம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. முதல்ல எதக் கீழ போடறாளோ அது. முதலில் விழுந்தது காளை. அதோடு கணக்கு முடிந்தது, பெட்டை பண்ணைக்குப் போய்விடும். அவள் வாய்ச்சொல்லை ஒரு விரற்கடை நகர்த்த யாராலும் முடியாது. ஆனால் முதலில் விழுந்தது எது என்று பார்த்தது யார்? இவன் ஒருவன்தான்.

வாசலில் அறுப்புக் கொட்டகை வண்டி வழக்கம்போல வந்து நிற்கிற சத்தம் கேட்டது. காளைக்கன்றைத் தீவனச் சாக்கில் சுருட்டினான். ஈரம்கூடக் காயவில்லை, தாய் இன்னும் முகத்தை நக்கி முடிக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினான்.

“என்னண்ணே, இன்னிக்குப் பார்சலா வருது?” என்றான் வண்டிக்காரன்.

“மூச்சு விடாத. யார் கேட்டாலும் இங்கேர்ந்து இன்னிக்கு ஒண்ணும் ஏத்தல.”

“எனக்கென்னண்ணே, கொசுறுன்னு நெனச்சுக்கறேன்” என்று சிரித்துவிட்டு அவன் கிளப்பிக்கொண்டு போனான். மிஷின்காரன் திரும்பி வந்து தரையைக் கழுவிவிட்டான். எங்கிருந்துதான் அவனுக்கு அன்றைக்கு அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ!

முதலாளியம்மா வந்து பார்த்தாள். குனிந்து பெட்டைதான் என்று உறுதி செய்துகொண்டாள். “பரவால்ல, உன் பொண்டாட்டி கொடுத்து வெச்சவதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வார்த்தையில் அவள் எப்போதும் நாணயம்.

இரண்டாம் நாள் கன்றுக்காரி திரும்பி வந்தாள். சாய்ப்பில் கட்டியிருந்த கன்றைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அவ்வளவு சந்தோஷத்தில் யாரும் அழுது அவன் பார்த்ததில்லை. செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று அன்றைக்கு அவனுக்குப் பட்டது. பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்றைச் சுற்றி வந்தாள்.

“ஏங்க, அவ்ளோ பெரிய வயித்துக்கு இவ்ளோ சின்னக் கன்னா?”

“தண்ணி நெறைய போச்சு.”

“நெத்திவெள்ளை ஏன் வாசலப் பார்த்தே கத்தறா? கன்னு இந்தப் பக்கம்தானே இருக்கு.”

“மாட்டுக்கு எந்தப் பக்கம்னு தெரியுமா? நீ வேற.”

அவள் சிரித்துவிட்டாள். கன்றுக்கு மகாராணி என்று பெயர் வைத்தாள். பண்ணையில் இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கன்றுக்கும் பெயர் வைத்ததில்லை. பெயர் வைத்தால் விரலைக் கொடுக்க முடியாது என்பாள்.

மகாராணி வளர்ந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மழை வந்தால் வீட்டுக்குள் வந்துவிடும், அறையில் பாதி அதற்கு. கன்றுக்காரி வேலை முடிந்து வரும் வழியில் வாய்க்கால் ஓரம் முழுக்கப் புல் அறுத்துக்கொண்டு வருவாள். கொசு கடிக்கிறது என்று தன் பழைய சேலையை அதன் மேல் போர்த்துவாள். செல்போன் கடையில் வேலை பார்க்கிற மகள் சாயங்காலம் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

“அம்மா, அதுக்கு உடம்பு தேய்க்கிற மாதிரி என்னிக்காவது எனக்குத் தலை வாரி விட்டிருக்கியா?”

“நீ பால் கறப்பியாடி?”

“நல்லா இருக்கே நியாயம்!”

மூன்று பேரும் சிரிப்பார்கள். அந்தச் சில மாதங்கள் அந்த அறையில் நிஜமாகவே நன்றாக இருந்தது.

அது ஒரு காலையோடு முடிந்தது. மிஷினில் ஏதோ அடைப்பு என்று அன்றைக்குக் கறவை நின்றுபோக, மிஷின்காரன் சும்மா வாசல் பக்கம் வந்தான். பொண்டாட்டி இரண்டு கன்றுகளை ஒன்றாக நடத்திக்கொண்டு வந்தாள். வலது கை விரலை ஒன்று சப்பிக்கொண்டிருந்தது, இடது கை விரலை இன்னொன்று. பார்த்தால் ஒன்று பெட்டை.

“ஏய், அது பெட்டைடி. அத ஏன் ஏத்தற?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “காளையோட கூடப் பொறந்ததுங்க. ரெட்டை.”

“இருந்தா என்ன? பெட்டைதானே.”

“வயித்துக்குள்ள ரெண்டுக்கும் ரத்தம் ஒண்ணாக் கலந்துடும். காளையோட ரத்தம் ஓடிட்டா பெட்டைக்குக் கர்ப்பப்பை வளராது. பார்க்கத்தான் பெட்டை. சினையே பிடிக்காது, பாலும் கெடையாது.” இரண்டையும் ஏற்றிவிட்டு விரல்களை உருவிக்கொண்டாள். “இத்தன வருஷமா மாடு கறக்கறீங்க, இது தெரியாதா உங்களுக்கு? நல்ல ஆளு.”

அவன் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டுக் கேட்டான்: “எல்லாமே அப்படித்தான் ஆகுமா?”

“பத்துல ஒண்ணு தப்பும். அந்த ஒண்ணுக்காக ரெண்டு வருஷம் எவன் தீனி போடுவான்?”

பத்தில் ஒன்று. அந்த ஒன்றை மிஷின்காரன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மகாராணி அந்த ஒன்றாக ஏன் இருக்கக் கூடாது? சாமி அவ்வளவு கல்நெஞ்சா? அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கும் அது தெரியும். சாயங்காலம் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் மகாராணியின் காதுக்குள் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் அப்படி மலர்ந்திருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டான். கோழைக்கு நாளைக்குப் பஞ்சமே கிடையாது. அவனும் நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினான்.

சோறு இறங்கவில்லை. கறவைக் கூடத்தில் குவளையை மாட்டிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான், பால் நின்று மிஷின் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நெற்றிவெள்ளையின் மடியில் கை வைக்கும்போதெல்லாம் அது திரும்பி அவனைப் பார்க்கிறது என்று அவனுக்குத் தோன்றும். எல்லா மாடும் கறக்கும்போது திரும்பிப் பார்க்கத்தான் செய்யும், அவனுக்கு அது தெரியாதா என்ன!

ஒருநாள் துணிந்துவிட்டான். “இந்தா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“இருங்க, நான் முதல்ல சொல்றேன். முதலாளியம்மாகிட்டச் சொல்லிட்டேன்.” அவள் வாயெல்லாம் பல். “மகாராணிக்குச் சினை நின்னதும் நான் வேலைய விட்டு நின்னுக்கறேன், வேற ஆளப் பார்த்துக்கோங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன். எப்படி இருந்துச்சு தெரியுமா? பத்து வயசு கொறஞ்ச மாதிரி. நீங்க என்ன சொல்ல வந்தீங்க?”

“ஒண்ணுமில்ல. சோப்பு தீர்ந்துபோச்சு.”

மகாராணி வயதுக் கிடேரிகள் எல்லாம் பண்ணையில் பருவத்துக்கு வந்து கத்தின. ஊசி போட்டார்கள். சினையும் பிடித்துவிட்டது. மகாராணி மட்டும் புல்லைத் தின்றுவிட்டுச் சாதுவாக நின்றது. “சின்னதாப் பொறந்ததில்ல, கொஞ்சம் தாமதமாத்தான் வரும்” என்று கன்றுக்காரி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைசியில் பொறுக்க முடியாமல் ஊசிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் டாக்டர் இல்லை, ஆனால் டாக்டர் என்று கூப்பிட்டால் நன்றாகப் பார்ப்பார். எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

தோள் வரை உறை மாட்டிக்கொண்டு கையை விட்டுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. வெளியே எடுத்துவிட்டு வாலைத் தூக்கி அடியில் குனிந்து பார்த்தார்.

“கர்ப்பப்பைன்னு ஒண்ணு கைக்கே தட்டலம்மா. இங்க பாரு, அடியில முடி கொத்தா வளந்திருக்கு. உனக்கே தெரியுமே. இது காளையோட கூடப் பொறந்தது.”

“இல்ல டாக்டர். இது ஒத்தக் கன்னு. என் வீட்டுக்காரரே பக்கத்துல இருந்து பார்த்தாரு.” அவள் திரும்பினாள். “சொல்லுங்க.”

ஊசிக்காரர் அவனைப் பார்த்தார். மகள் பார்த்தாள். மகாராணிகூட வைக்கோலை மென்றுகொண்டே பார்த்தது. இதைவிட நல்ல இடம் அவனுக்கு வாய்க்கப்போவதில்லை.

“ஒண்ணுதான்” என்றான்.

“அப்ப எனக்கு ஒண்ணும் புரியல” என்று உறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் போய்விட்டார்.

ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. பாவம், தப்பாகப் புரிந்தது. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

“மாத்திட்டாங்க. நான் இல்லாத அந்த ரெண்டு நாள்ல கன்ன மாத்திட்டாங்க. நீங்க கறவைக்குப் போயிருப்பீங்க, நெத்திவெள்ளையோட பெட்டைய அந்தப் பக்கம் தள்ளிட்டு, வண்டிக்குப் போக வேண்டிய ரெட்டைல ஒண்ணக் கொண்டாந்து கட்டியிருக்காங்க. அன்னிக்கே கேட்டேன், அவ்ளோ பெரிய வயித்துக்கு இவ்ளோ சின்னக் கன்னான்னு!”

“விடு. போனது போகட்டும்.”

“எது போகட்டும்? ரெண்டு வருஷம் என் கண்ணு மாதிரி வளர்த்தேன். நாளைக்குக் காலைல எல்லார் முன்னாடியும் கேக்கறேன்.”

“வேண்டாம்டி. சொன்னாக் கேளு. வேண்டாம்.”

“நீங்க ஒரு வாயில்லாப்பூச்சி. உங்கள மாதிரி ஆளுங்கதான் அவங்களுக்கு வேணும்.”

அவளைத் தடுக்க அவனிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அவன் நாக்கில்தான் இருந்தது. விடிகிற வரை அதை வைத்துக்கொண்டு புரண்டான்.

காலையில் பால் கேன்களை ஏற்றுகிற முற்றத்தில் அவள் போய் நின்றாள். ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். முதலாளியம்மா கேன் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கன்றுக்காரி தணிவாகத்தான் ஆரம்பித்தாள், போகப் போகக் குரல் ஏறியது. எத்தனை கன்றை இந்தக் கையால் ஏற்றினேன், ஒரு நாள் லீவு கேட்டேனா, எனக்குப் போய் மலட்டுக் கன்றை மாற்றிக் கட்டினீர்களே, உங்கள் குடும்பம் விளங்குமா என்று முடித்தாள்.

முதலாளியம்மா நிதானமாக மூடியைப் போட்டாள். “பேசி முடிச்சிட்டியா? நான் கெட்டவதான், இல்லைங்கல. ஆனா திருடி இல்ல. அன்னிக்கு அங்க இருந்தது நானா? உன் புருஷன். அவனையே கேளு. மிஷின்காரா, சொல்லுடா. என்ன விழுந்துச்சு?”

“சொல்லுங்க” என்றாள் அவளும். அவன் தன் பக்கம் நின்று சொல்வான் என்ற நிச்சயத்தோடு, தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். அந்த நிச்சயத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“ரெண்டு” என்றான். “ரெண்டு விழுந்துச்சும்மா. முதல்ல காளை.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான். சாக்கு, வண்டி, தரையைக் கழுவினது. முதல்ல விழறதுன்னு நீங்க சொன்னீங்க, அதான்மா என்றான். அழுதுவிட்டான்.

முதலாளியம்மாவுக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் சிரித்தாள்.

“முட்டாப் பயலே. எங்க பண்ணையில ரெட்டை விழுந்தா அத ஈத்துக் கணக்குலயே சேர்க்க மாட்டோம்டா. எங்க மாமனார் காலத்துலேர்ந்து அப்படித்தான். ரெண்டு விழுந்துச்சும்மான்னு அன்னிக்கே ஓடி வந்து சொல்லியிருந்தீன்னா, ரெண்டையும் வண்டில ஏத்திட்டு, அடுத்த ஈத்துல விழறது உம் பொண்டாட்டிக்குன்னு சொல்லியிருப்பேன். அடுத்த ஈத்துல என்ன விழுந்துச்சு? அந்தா நிக்குது பாரு.”

கிடேரிகளின் கொட்டிலில் முதல் கட்டுத்தறியில் அது நின்றது. தாயைப் போலவே நெற்றியில் வெள்ளை. இன்னும் சில மாதத்தில் ஊசி போட்டுவிடலாம். முதலாளியம்மா சொன்னது உண்மையா, இல்லை பட்ட அவமானத்துக்கு நன்றாக வலிக்கட்டும் என்று அந்த நிமிஷத்தில் கட்டிவிட்டாளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆட்களில் வயதானவர் ஒருவர், ஆமாம், அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று தலையாட்டினார். முதலாளியம்மா முன்னால் அவர் எதற்குத்தான் தலையாட்டாமல் இருந்தார்?

“வேலைய விட்டு நின்னுக்கறேன்னியே” என்று கன்றுக்காரியைக் கேட்டாள். “போறியா, இருக்கியா?”

“இருக்கேம்மா.”

“மலட்டு மாட்ட நாளைக்கு வண்டில அனுப்பிடு. வீட்டுல வெச்சு என்ன பண்ணப் போற?”

“சரிம்மா.”

அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. திட்டவில்லை, பாத்திரத்தைத் தூக்கி எறியவில்லை. எறிந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கன்றுக்காரிதான் பேச்சை எடுத்தாள். சத்தமே இல்லாமல் பேசினாள்.

“முதல்ல ஏமாத்தினீங்க, அது எனக்காக. அத நான் என்னிக்காவது மறந்துடுவேன். அன்னிக்கு வாசல்ல நான் ரெட்டைய ஏத்தும்போது கேட்டீங்களே, எல்லாமே அப்படித்தான் ஆகுமான்னு. அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல உங்களுக்கு?”

அவன் தலையசைத்தான்.

“அப்பவே சொல்லியிருந்தா அது சின்னக் கன்னுங்க. ஏத்திட்டு நாலு நாள் அழுதிருப்பேன். எனக்கென்ன, பழகின கை. இப்ப அதுக்கு என் நடை தெரியும். தூரத்துல வரும்போதே கத்துது. பேரு வெச்சுட்டேனே... இப்ப எப்படிங்க ஏத்துவேன்?”

“நான் ஏத்தறேன்” என்றான். “நீ வெளிய வராத. எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன்.”

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் வண்டிக்காரன் வந்தான். “என்னண்ணே, இது பெரிய பார்சலா இருக்கே” என்றவன் மிஷின்காரன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். இரண்டு பேருமாகக் கயிற்றைப் பிடித்து மகாராணியைச் சாய்வுப் பலகை வரை கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் அது அசையவில்லை. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. இழுத்தார்கள், தள்ளினார்கள். தலையைத் திருப்பி வீட்டுக் கதவைப் பார்த்துக் கத்தியது. மிஷின்காரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஏறும்மா, ஏறு, என் தாயே” என்று கெஞ்சினான். வண்டிக்காரன் பொறுமை இழந்து தடியை எடுத்து முதுகில் ஒன்று வைத்தான். மகாராணியை அதுவரை யாரும் அடித்ததில்லை. அது திகைத்துப்போய் முன்பைவிட உரக்கக் கத்தியது. அவன் மறுபடி தடியை ஓங்கினான்.

கதவு திறந்தது. கன்றுக்காரி வேலைச் சேலையோடு வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக வண்டிக்கு வந்து, பலகையில் ஏறி, உள்ளே கோடியில் போய் நின்றுகொண்டாள்.

“அடிக்காதீங்க” என்றாள். “நான் கூப்பிட்டா அதுவே ஏறிடும்.”

கயிற்றை விடச் சொன்னாள். கையை நீட்டினாள். “மகாராணி, வாடி. அம்மாகிட்ட வா.”

மகாராணி வாலை ஆட்டிக்கொண்டு, ஓட்டமாக ஏறிப்போய், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. அவள் கொஞ்ச நேரம் அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தாள். பிறகு கம்பியோரமாக நுழைந்து இறங்கி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மிஷின்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைத் தாண்டி நடந்து வண்டிக்காரன் பக்கம் போனாள்.

“நாளைக்கு ரெண்டு காளை இருக்கு” என்றாள். “நேரத்தோட வாங்க.”